இரவல் அழுகை

அவள் பெரிய பாடகி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவளைப் பற்றிப் பேச வாயெடுக்கிறவர்கள் எல்லாம் "அந்தக் காலத்துல அந்தக் குரல்..." என்று கண்ணை மூடிக்கொண்டுதான் தொடங்குவார்கள். அவளுக்கு உடம்பு கூசும். சுருதி விலகாது, தாளம் தப்பாது, அவ்வளவுதான் அவள் பாட்டு. அவளிடம் இருந்தது வேறொன்று. தொடங்கிய காரியத்தை இடையில் நிற்காமல் முடித்துக் கொடுப்பாள். அதற்காகத்தான் படக் கம்பெனிகள் அவளைத் தேடி வந்தன. ஸ்டுடியோவில் அவளுக்கு "சிங்கிள்டேக்" என்று பெயர் விழுந்ததும் அதனால்தான். வயதான பிறகு அது "சிங்கிள்டேக் அம்மா" ஆயிற்று.

நடிக்கிறவர்களே பாட வேண்டியிருந்த காலம் அது. தலைக்கு மேலே ஒரு கழியில் மைக் தொங்கும். அட்டையில் வரைந்த மரத்துக்குப் பின்னால் ஆர்மோனியக்காரரும் தபலாக்காரரும் குந்தியிருப்பார்கள். கேமரா ஓடத் தொடங்கிவிட்டால் பாட்டு முடியும்வரை ஒருவரும் மூச்சுவிடக்கூடாது. யாராவது இருமினால் முதலிலிருந்து மறுபடியும். ஆர்மோனியம் பழுது பார்க்கிறவரான அவளுடைய அப்பா, கூட்டத்தில் நிற்க ஒரு பெண் வேண்டும் என்று கேட்டார்கள் என்பதற்காக அவளை அங்கே கூட்டிப் போனார். நிற்க வந்தவள் பாடிவிட்டுத் திரும்பினாள்.

இரண்டாவது படத்தில் பாட்டின் நடுவே ஒரு குளவி வந்து கழுத்தில் கொட்டியது. அவள் முகம் மாறவில்லை, பாட்டு நிற்கவில்லை. "கட்" என்ற பிறகுதான் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். டைரக்டர் ஓடி வந்து, "இதுக்குப் பேருதான் நடிப்பு" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் அவள் அதையே யோசித்துக்கொண்டு போனாள். வலித்தது ஒருத்திக்கு, அடுத்த அடியை எடுத்துப் பாடியது இன்னொருத்தி. அந்த இன்னொருத்திக்கு வலிக்கவே இல்லை. அவள் உள்ளே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

படம் வெளிவந்து தியேட்டரில் உட்கார்ந்தபோது, "யாருப்பா பாடறது?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

"நீதான்டி."

"சும்மா சொல்லாதப்பா. என் குரல் இப்படியா இருக்கும்?"

"ஊருக்கே தெரியுது. உனக்குத்தான் தெரியல" என்றார் அப்பா.

பத்துப் பன்னிரண்டு படம் அப்படி ஓடியது. பிறகு பாட்டைத் தனியாக வேறொருத்தி பாடிப் பதிவு செய்து வைப்பது என்று வந்தது. "நீங்க வாயை மட்டும் அசைச்சாப் போதும்மா" என்றார்கள். கேட்பதற்குச் சுகமான வேலை. ஆனால் அவளுக்கு வரவில்லை. ஓடுகிற பாட்டில் பாடகி மூச்சு வாங்குகிற இடம் ஒன்று, இவள் நெஞ்சு ஏறி இறங்குகிற இடம் ஒன்று. திரையில் பார்த்தால் ஒரு பெண் பாடுகிற மாதிரி இல்லை, ஒரு பெண்ணுக்குள் இன்னொருத்தி மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவள் கதைதான். கதாநாயகி அக்கா ஆனாள், அக்கா அண்ணி ஆனாள், அண்ணி சீக்கிரமே அம்மா ஆனாள். அதுவும் முதல் ரீலிலேயே செத்துப்போகிற அம்மா.

இதற்கிடையில் மைக் கழியைப் பிடித்து நின்ற சவுண்ட் உதவியாளரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் அதிகம் பேசமாட்டார். பேசுகிறவர்கள் வாயைப் பார்க்காமல் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுப்பார். "உங்க வீட்டுக்காரர் என்னைப் பாக்கவே மாட்டேங்கறாரே" என்று பக்கத்து வீட்டு டீச்சர் குறைப்பட்டால், "அவர் உங்களைக் கேட்டுக்கிட்டிருக்கார். அது பாக்கறதைவிட மோசம்" என்று சிரிப்பாள். ஒரே மகள். வீட்டில் சத்தம் குறைவு, சண்டையும் குறைவு. அவள் வாழ்ந்ததில் நல்ல பகுதி அதுதான் என்று சொல்லலாம். ஆனால் வாழும்போது அது அவளுக்குத் தெரிந்ததா என்று கேட்டால், தெரியவில்லை.

மகள் பள்ளியில் இருந்த ஒரு காலையில், செருப்பை மாட்டக் குனிந்த மனிதர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

முன்னறையில் படுக்க வைத்தார்கள். தெருவே வந்து உட்கார்ந்தது. அவள் தலைமாட்டில் இருந்தாள். அழுகை வரவில்லை. வரும் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. "அழுதுடும்மா, அடைச்சு வைக்காத" என்று டீச்சர் தோளைத் தடவினாள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், தாழ்த்தியும் கேட்கும்படியும், "கேமரா இன்னும் வரலல்ல" என்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குரல் சொன்னது பொய் என்று அடித்துச் சொல்ல அவளிடம் எதுவும் இருக்கவில்லை.

அப்போது யாரோ மகளைக் கூட்டிவந்தார்கள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை. வாசலில் புத்தகப் பையோடு நின்றது. பிறகு ஓடிவந்து அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. முதலில் சத்தமே இல்லை. பிறகு மூச்சு மட்டும் படி ஏறுவது மாதிரி விட்டுவிட்டு உள்ளே போயிற்று. அதற்கப்புறம் அடியிலிருந்து ஓர் ஒலி வந்தது. எல்லா அழுகையும் மேலே ஏறும், இது கீழே இறங்கியது. மெல்லிசாக, நூல் பிரிகிற மாதிரி, இறங்கிக்கொண்டே போயிற்று. அறையில் இருந்தவர்கள் எல்லாரும் உடைந்தார்கள். அம்மாவும் மகளும் சேர்ந்து அழுகிறார்கள் என்றே நினைத்தார்கள்.

அம்மா அழவில்லை. பிள்ளையை இறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே நாற்காலியில் இருந்தவள் மட்டும் தலையை நிமிர்த்தி, 'முதல்ல மூச்சு. சத்தம் அப்புறம். இப்படி இதுவரைக்கும் ஒருத்தரும் அழுததில்லை' என்றாள்.

அந்த நினைப்பு வந்த கணமே அவள் தன்னைக் கண்டு கூசிப்போனாள். குற்றம் என்றால் அடுத்தவரிடம் மன்னிப்புக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். வெட்கத்துக்கு அந்த வழியும் இல்லை. பார்த்தவளும் பார்க்கப்பட்டவளும் ஒருத்தியாகவே இருக்கும்போது யாரிடம் போய்க் கேட்பது?

சில மாதம் கழித்து, கணவருடைய பழைய கூட்டாளியான சவுண்ட் எஞ்ஜினீயர் ஆள் அனுப்பினார். டப்பிங் தியேட்டரில் ஒரு சங்கடம். புதுக் கதாநாயகி பார்க்க லட்சணம், பேசவும் பேசிவிட்டாள். புருஷன் சாகிற கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டாள். "அழச் சொன்னா தும்மற மாதிரி இருக்கும்மா. ஒரே ஒரு தடவை நீங்க அழுது குடுத்துட்டுப் போயிடுங்க."

அந்தக் கட்டம் உள்ள பிலிம் துண்டின் தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக ஓட்டுவார்கள். கதாநாயகி விழுவாள், அழுவாள், மறுபடியும் விழுவாள். அந்த உதட்டுக்கும் தோளுக்கும் பொருந்த இருட்டில் நின்று அழவேண்டும். அவள் தனக்குத் தெரிந்ததை அழுதாள். கண்ணாடிக்கு அப்பாலிருந்து எஞ்ஜினீயர் தயங்கினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எல்லாரும் அழற அழுகைதாம்மா."

மறுபடி படம் ஓடியது. கதாநாயகியின் தோள் குலுங்கி நின்றது. அந்த நிற்கிற இடத்தில் அவள் மகளுடைய மூச்சை எடுத்து வைத்தாள். பிறகு அந்த ஒலியை இறக்கினாள். ஒரே டேக்.

விளக்கு எரிந்ததும் எஞ்ஜினீயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கேருந்தும்மா எடுத்தீங்க?" என்றார்.

"தொண்டையிலேருந்துதான்" என்றாள்.

வீட்டில் மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "எங்கம்மா போயிருந்த?"

"பாட்டுச் சொல்லிக்குடுக்க."

அன்று தொடங்கிய பொய் அவளுக்கு உத்தியோகமே ஆயிற்று. நடிக்கிற வேடம் நின்றுபோன பிறகும் அழுகை நிற்கவில்லை. பெரிய துக்கம் எந்தப் படத்தில் வந்தாலும் அவளுக்குக் கார் வந்தது. முதல் கதாநாயகிக்கு அந்தக் கட்டத்துக்காகவே விருது கொடுத்தார்கள். மேடையில் அவள் சிரித்துக்கொண்டு வாங்கியதைப் பத்திரிகையில் பார்த்தபோது இவளுக்குப் பொறாமையாக இல்லை. இரவல் கொடுத்தவள் இவள், ஆனால் பொருளும் இவளுடையது இல்லையே. மகள் அந்தப் பணத்தில்தான் படித்தாள், ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள். சினிமா என்றாலே அவளுக்கு ஆகாது. பள்ளியில் 'நடிகை பொண்ணு' என்று கூப்பிட்டுச் சிரித்ததை அவள் மறக்கவில்லை. அந்த வெறுப்பு அம்மாவுக்குச் சௌகரியமாக இருந்தது. மகள் தியேட்டர் பக்கம் போகாதவரை பயமில்லை.

ஆனால் மருமகன் சினிமாப் பைத்தியம். டிவி வாங்கி நடுக்கூடத்தில் வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் படத்தையே போட்டுவிட்டார்கள்.

"தலை வலிக்குது மாப்பிள்ளை, நான் கொஞ்சம் படுக்கறேன்" என்று எழுந்தாள்.

"உக்காருங்க அத்தை. விருது வாங்கின சீன் இனிமேதான். உங்க ஆளுங்க பெருமையை நீங்களே பாக்கலைன்னா எப்படி?"

மகள் ஒரு ஓரமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள், திரையைப் பார்க்காமல். கதாநாயகி விழுந்தாள். மூச்சு படி ஏறியது. அந்த ஒலி இறங்கியது. மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. மகள் டிவியைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"அடடா, என்னமா அழறா பாரு!" என்று மருமகன் மூக்கை உறிஞ்சினார்.

மகள் எழுந்து சமையலறைக்குப் போனாள். கொஞ்சம் பொறுத்து இவளும் பின்னால் போனாள். ஓடிப்போய் ஒளிய வேறு இடமும் இல்லை.

"அது நீதானே?"

"எது?"

"அம்மா."

"...ஆமா."

"பாட்டுச் சொல்லிக்குடுக்கறேன் பாட்டுச் சொல்லிக்குடுக்கறேன்னு போனதெல்லாம் இதுக்குத்தானா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"அப்பா செத்தன்னிக்கு அழுத அழுகை அது. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? என் காதுகிட்டதானே கேட்டுது. உன் கழுத்துலதானே முகத்தை வெச்சுக்கிட்டிருந்தேன்." மகள் குழாயைத் திறந்தாள், ஒன்றும் கழுவாமல் மூடினாள். "ஸ்கூல்ல என்னவெல்லாம் சொல்லுவாங்க. உங்கம்மா சிரிச்சாலும் நடிப்பு, அழுதாலும் நடிப்புன்னு. எங்கம்மா அன்னிக்கு அழுதது மட்டும் நடிப்பு இல்ல, அதை நான் கேட்டேன்னு ஒண்ணே ஒண்ணைத்தான் பிடிச்சுக்கிட்டிருந்தேன். அதையும் வித்துட்டியேம்மா."

அவள் சுவரோரம் நின்றாள். பேசாமல் இருந்துவிட்டால் போதும். துக்கத்தை விற்றவள் என்ற பெயர் மிஞ்சும். அதைத் தாங்கலாம். துக்கமே வராதவள், பிள்ளையின் துக்கத்தை எடுத்து விற்றவள் என்பதைத்தான் தாங்க முடியாது.

மகளுக்குக் கோபம் நீடிக்காது, அப்பாவைப் போல. பெருமூச்சு விட்டாள். குரல் இறங்கிவிட்டது.

"சரி, விடு. என்னை வளர்க்கத்தானே போன. உன் அழுகை, நீ என்ன வேணா பண்ணிட்டுப் போ. அப்பாவுக்காக மனசாரத்தானே அழுத. அது போதும் எனக்கு."

திட்டியிருந்தால் தப்பித்திருப்பாள். இந்தப் பாராட்டு அவளை மாட்டிவிட்டது. வேறொருத்தி பாடியதற்கு வாயசைத்துக்கொண்டு நின்ற நாட்களில் நெஞ்சு முரண்டு பிடித்ததே, அதே முரண்டு. தன் மூச்சு வேறு இடத்தில் இருந்தது.

"அது என் அழுகை இல்லடி" என்றாள்.

"பின்னே?"

"உன்னது."

மகள் சிரித்தாள். "என் அழுகை எனக்குத் தெரியாதா?"

"தெரியாது. அவங்கவங்க குரல் அவங்கவங்களுக்குத் தெரியாது. நீதான் அழுத. மூச்சு வாங்கினது நீ. அப்படி இறங்கிப் போச்சே, அது நீ. நான் உன்னைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"அப்ப நீ?"

"கேட்டுக்கிட்டிருந்தேன்."

"அழலயா?"

"வரல கண்ணு."

கூடத்திலிருந்து மருமகனின் குரல் வந்தது. "உள்ள யாராவது இருந்தா ஒரு டீ கிடைக்குமா? அழுது அழுது தலையே வலிக்குது!"

மகள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணாடிச் சில்லில் ரத்தத் துளியை வைத்துப் பார்க்கிற மாதிரி, கோபமோ இரக்கமோ இல்லாமல்.

"எத்தனை தடவை குடுத்த?"

"எண்ணல."

"அப்புறமாவது அவருக்காக அழுதியா? தனியா இருக்கறப்போ?"

பொய் சொல்ல இது கடைசி வாய்ப்பு. "இன்னும் இல்ல" என்றாள்.

மகள் அடுப்பைப் பற்ற வைத்தாள். டீ போட்டாள். கணவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறுநாள் காலை ஒரு டப்பிங்குக்குக் கார் வருவதாக முன்பே ஏற்பாடு. பெரிய கம்பெனிப் படம். போகவேண்டாம் என்று முடிவு செய்து அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். கார் ஹாரன் அடித்தது. மகள் வேலைக்குக் கிளம்பி நின்றவள் கதவருகே வந்தாள்.

"போகல?"

"எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் போறது?"

"வரேன்னு சொல்லிட்டேல்ல. போ." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஆனா அதைக் குடுக்காத. அது என்னோடது."

டப்பிங் தியேட்டரில் பழைய எஞ்ஜினீயர் இல்லை, அவருடைய சிஷ்யர் இருந்தார். உதவி டைரக்டர் எழுந்து வணங்கி, சின்ன வயசிலிருந்தே அவள் குரல் என்றால் உயிர் என்றார். அவள் தரையைப் பார்த்தாள். விளக்கு அணைந்தது. திரையில் ஒரு கிழவி கட்டிலில் கிடந்த கிழவரின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

அவள் வாயைத் திறந்தாள். தொண்டை பழகிய வழியில் போகப் பார்த்தது. மூச்சு படியேறத் தொடங்கியது. நிறுத்தினாள். "இன்னொரு தடவை தம்பி" என்றாள். மறுபடியும் அதுவே வந்து நின்றது. மறுபடியும் நிறுத்தினாள். அவளுக்காகக் கிழவி திரும்பத் திரும்ப அழுதுகொண்டிருந்தாள்.

"சிங்கிள்டேக் அம்மாவுக்கே இன்னிக்கு என்ன ஆச்சு?" என்று யாரோ மெதுவாகச் சிரித்தது ஸ்பீக்கரில் கேட்டது. முகம் பற்றி எரிந்தது.

திரையைப் பார்ப்பதை விட்டாள். தலையைச் சாய்த்துக் காதைக் கொடுக்கிற ஒரு மனிதரை நினைத்தாள். அவர் செருப்பை மாட்டக் குனிந்ததை நினைத்தாள். 'போயிட்டு வரேன்' என்று சொல்ல வாயெடுத்தாரா இல்லையா? அன்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தொண்டையில் என்னவோ புரண்டது. வெளியே வந்தபோது அது அழுகை மாதிரியே இல்லை. செருமல் மாதிரி, கரகரவென்று, கதவு உராய்கிற மாதிரி ஒரு சத்தம். உதட்டுக்கும் பொருந்தவில்லை, தோளுக்கும் பொருந்தவில்லை. கிழவியின் அழுகை முடிந்து, வளையம் சுற்றி வந்து, அடுத்த அழுகை தொடங்கிய பிறகும் அது நிற்கவில்லை. உள்ளே நாற்காலியில் இருந்தவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

விளக்கு எரிந்தது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

உதவி டைரக்டர் கதவைத் திறந்து வந்தார். கைகளைப் பிசைந்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா. பழைய மாதிரி இல்லையே. எங்களுக்கு அந்த... அது வேணும். நீங்க எப்பவும் குடுப்பீங்களே."

"அது என்கிட்ட இல்ல தம்பி."

"ஜலதோஷமா? வேணும்னா நாளைக்கு..."

"நாளைக்கும் இருக்காது."

வாசல் பெஞ்சில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். அவள் குடித்து முடிப்பதற்குள் இன்னொரு பெண் ஆட்டோவில் வந்து இறங்கி, அவளைத் தாண்டி உள்ளே போனாள். கார் வேறு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பஸ்ஸில் வீடு திரும்பினாள். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், "நீங்க அந்தக் காலத்துல பாடுவீங்கல்ல?" என்று கேட்டதற்கு, இல்லை என்று சொல்லிவிட்டாள்.

மகள் வேலையிலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். டிவி ஓடவில்லை.

"என்ன ஆச்சு?"

"வேற ஆளைப் போட்டுக்கிட்டாங்க."

"ஏன், என்ன குடுத்த?"

"என்னோடதை."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "எப்படி இருந்துச்சு?"

அவள் யோசித்தாள். அவளுடைய தொழிலில் பொய் சொல்லாத ஒரே இடம், டேக் எப்படி வந்தது என்று சொல்கிற இந்த இடம்தான்.

"நல்லாவே இல்ல" என்றாள்.

மகள் சிரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் கிடந்த துணிக் குவியலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள்.